மலையில் யார் வல்லவர்?



டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் மலைக்குள் நுழைந்துவிட்டால், ரசிகர்களிடையே பழைய வழக்கு ஒன்று மீண்டும் கிளம்பும். ஏற்றத்தில் யார் கெட்டிக்காரர்? அன்றைய வீரரா, இன்றைய வீரரா?

பிரனே மலைத்தொடரில் பிளாட்டோ த பெய் என்றொரு ஏற்றம் உண்டு. நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். நூறு மீட்டர் போவதற்குள் சாலை எட்டு மீட்டர் உயர்ந்துவிடும். 1998-இல் இத்தாலியின் மார்க்கோ பந்தானி சுமார் நாற்பத்து மூன்றரை நிமிடத்தில் இதில் ஏறினார். 2024 ஜூலையில் ஸ்லோவீனியாவின் ததேய் பொகாச்சருக்கு ஏறத்தாழ 40 நிமிடமே போதுமானதாக இருந்தது. அதுவும் அன்று காலையிலிருந்து நான்கு ஏற்றங்களைக் கடந்து வந்த பிறகு!

அப்படியானால் பொகாச்சர்தான் வல்லவர் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. சைக்கிளும் டயரும் மாறிவிட்டன. ஓட்டத்தின் நடுவே மணிக்கு நூறு கிராம் மாவுச்சத்து வரை உண்ணப் பழகிவிட்டார்கள். பந்தானி பக்கமோ வேறொரு கறை. 1998 பந்தயத்தில் ஊக்கமருந்து எடுத்தவர்களாக பிரெஞ்சு செனட் அறிக்கை 2013-இல் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

கடிகாரத்தை நம்பாதவர்கள் வாட் கணக்கைக் கையில் எடுக்கிறார்கள். கால் மிதிக்கும் திறனை உடல் எடையால் வகுப்பது அவர்கள் முறை. சமவெளியில் எதிரி காற்று. ஏற்றத்தில் எதிரி சொந்த எடை. ஐந்து முறை பட்டம் வென்ற மிகெல் இந்துராயின் சுமார் 80 கிலோ, பந்தானி 57. சைக்கிளின் எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், கிலோவுக்கு 6 வாட் வீதத்தில் ஏற பந்தானிக்கு 342 வாட் போதும். இந்துராயினுக்கோ 480 வேண்டும். அவ்வளவு கனத்தோடு அவர் மலையில் தாக்குப்பிடித்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு.

என்னைக் கேட்டால், ஒரே நாளில் ஒரே மலையில் மோதியவர்களைத்தான் ஒப்பிட வேண்டும். டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகோ 2024-இல் அதே பிளாட்டோ த பெய்யில் பந்தானியின் நேரத்தை முறியடித்தார்; ஆனாலும் பொகாச்சரிடம் 68 விநாடி பின்தங்கித் தோற்றார். அதற்கு முந்தைய ஆண்டு, ஆல்ப்ஸ் மலையின் கொல் த லா லோஸ் ஏற்றத்தில் நிலைமை நேரெதிர். பந்தயத்தின் மூன்றாவது வாரக் களைப்பில் பொகாச்சரின் கால்கள் ஓய்ந்தன. தான் முடிந்துவிட்டதாகத் தன் அணிக்கு ஒலிவாங்கியில் சொன்னார். அன்று விங்கேகோவிடம் அவர் இழந்தது 5 நிமிடம் 45 விநாடி.