எரிந்த பீரோவின் கணக்கு



ஏழை எதற்குச் செலவழிக்கலாம் என்று புத்தி சொல்ல எப்போதும் ஆள் இருக்கிறது. ‘சோத்துக்கே வழியில்ல, இவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய போன்?’ இந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்டிருக்கிறோம். நன்கு படித்தவர்கள் கூடும் கருத்தரங்கிலும், கொஞ்சம் நாகரிகமான சொற்களில், கேட்டிருக்கிறோம். தர்மபுரியில் நின்று இதற்குப் பதில் சொல்வதென்றால் 2012 நவம்பர் 7இலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இளவரசன், திவ்யா திருமணத்தைக் காரணமாகக் காட்டி, திவ்யாவின் தந்தை இறந்த அன்றே, நாயக்கன்கொட்டாய் பக்கமிருந்த நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளுக்குள் கூட்டம் புகுந்தது. சுமார் 268 வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. எரிந்தவை எவை என்று பாருங்கள்: பீரோ, டிவி, ஃபிரிட்ஜ், மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். கொளுத்துவதற்கு முன் பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்திருக்கிறார்கள். ஒரு காதலின் மீது வந்த கோபத்துக்குப் பீரோ என்ன செய்தது? அந்த நாட்களில் மேடைகளில் நம் பையன்களின் ஜீன்ஸ் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் குற்றப்பொருள்களாகப் பேசப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பீரோ எப்படி வந்தது என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. மழை பொய்த்த மாவட்டம் இது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. சனிக்கிழமைக் கூலியில் சீட்டுக் கட்டி, ஊர்த்தெருவில் யாரிடமும் கைகட்டி நிற்காமல் வாங்கிய முதல் பொருள் அது. பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டி நம் அம்மாக்களுக்கு என்னவாக இருந்தது என்பதைப் பொருளாதாரப் பாடநூலில் தேடிக் கிடைக்காது.

இது புதிதும் அல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியவோ பூச்சூடவோ கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1927இல் மஹாடில் பெண்களிடம் பேசிய அண்ணல், உயர்சாதிப் பெண்கள் கட்டுவது போலப் புடவை கட்டுங்கள், தீண்டாமைக்கு அடையாளமான நகைகளைக் கழற்றுங்கள் என்றார். உடுத்துவது அரசியல் என்பதை அவர் நமக்கு முன்பே கண்டுகொண்டார். ஆகவே சிக்கனம் பற்றிய உபதேசம் மேலிருந்து வரும்போது அதில் பழைய தடையின் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது நம் உரிமை.

ஆனால் தோழர்களே, அதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். நாம் போராடிப் போட்ட அந்த ஜீன்ஸை யார் தைத்தார்கள்?

நத்தம் எரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. தையல் தொழிலாளிகளை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். வங்கதேசம் தூரம் என்று தோன்றினால் நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளைப் பாருங்கள். மூன்று வருடம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ‘சுமங்கலித் திட்டம்’ பேசி அழைத்துப்போன சிறுமிகளில் எத்தனை பேர் நம் சேரிப் பிள்ளைகள்! 200 ரூபாய்க்கு டி-ஷர்ட் கிடைக்கிறதென்றால் மீதி விலையை அவள் கொடுத்திருக்கிறாள்.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆலை மூடினால் முதலில் பட்டினி கிடப்பதும் அவள்தான். அவள் சங்கம் வைக்கப் போராடும்போது நம் பணமும் நேரமும் எங்கே நின்றன என்றுதான் கேட்கிறோம். கேள்வி முக்கியமாக நம்மில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. 1956 அக்டோபர் 15 அன்று நாக்பூரில் அண்ணல், வருமானத்தில் 20இல் ஒரு பங்கைத் தம்மப் பணிக்குத் தரச் சொன்னார். பணக்காரர்களிடம் அல்ல, முந்தைய நாள் தீட்சை பெற்ற கூலி மக்களிடம். நாமோ ஜெயந்திக்கு ஃபிளக்ஸ் வைக்கிறோம். அவர் படத்தைவிட நம் படம் பெரிதாக இருக்கிறது.

இன்றைய கூட்டத்துக்கு ஃபிளக்ஸ் வைக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். அந்தப் பணம் நம் பகுதியில் நர்சிங் சேர்ந்த ஒரு மாணவியின் விடுதிக் கட்டணத்துக்குப் போயிருக்கிறது. கணக்குப் பார்த்தோம், ஏழு மாதத்துக்குத்தான் வருகிறது. படிப்பு நான்கு வருடம். வாசலில் நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம்.