கப்பலும் ரயிலும் எங்களுக்குப் புதிதல்ல

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கட அப்பப்பா பிளேன் ஏறாமலே சென்னைக்குப் போய் வந்தவர். தலைமன்னார் மட்டும் ரயில், தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு திரும்பவும் ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தால் நின்றது. 2023 ஒக்டோபரில்தான் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

இங்கே எங்கட நிலை என்ன? போன வருடம் பாரிஸில் மச்சாளின் கலியாணம். பிளேஸ்டோவில் ஏறினால் ரயில் மாறாமலே கிங்ஸ் குரொஸ். அங்கிருந்து யூரோஸ்டார். இறங்கினால் லாச்சப்பல் நடைதூரம். ஆனால் ஐந்து பேருக்கு டிக்கெட் விலை பார்த்தேன், தொழிற்சாலைச் சம்பளத்துக்குக் கட்டாது. பிளேனிலேயே போனோம், அதுதான் மலிவு.

ஏன் இப்படி? வெளிநாடு போகும் விமானத்தின் எரிபொருளுக்கு வரியில்லை. கூடப் புகை கக்குவது மலிவு, குறையக் கக்குவது விலை. இது நியாயமா?

ஹொலன்டில் சொந்தக்காரர் உள்ளவர்கள் ஹார்விச் கப்பலில் போய்ப் பாருங்கோ. சைக்கிளையும் ஏற்றலாம். யுத்த காலத்தில் சைக்கிளிலேயே சீவித்த சனம் நாங்கள்!

உறவைப் பார்க்காமல் இருக்க எங்களால் ஏலாது. போகிற வழியை மாற்றலாம். ரயில், கப்பல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உங்கட எம்.பி.க்கு எழுதுங்கோ. ஆங்கிலம் கஷ்டமென்றால் வாங்கோ, சேர்ந்து எழுதுவம்.