ஞாயிற்றுக்கிழமை, ஒரு கார், நாலு கோயில்

(பேச்சு வடிவம், வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது)

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு வெளிநாட்டுக்காரங்க வருவாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆர்டர் கொடுக்கிற பையர், க்வாலிட்டி பார்க்கிறவர், மெஷின் மாட்ட வர்ற டெக்னீஷியன். ஆறு நாள் கம்பெனிக்குள்ளேயே போயிடும். ஏழாவது நாள் என்ன பண்றதுன்னு தெரியாது. அந்த ஏழாவது நாள்தான் என் பிழைப்பு. ஒரு கார், ஒரு கைடு, அதிகம் போனா மூணு பேர். காலையில் ஆம்பூரில் ஏத்திக்கிட்டு, இருட்டுறதுக்குள்ள நாலு கோயில் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடணும்.

இந்த வேலையில் முதல் பாடம் கடிகாரம். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திடுவாங்க. மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அதனால விரிஞ்சிபுரம், வேலூர்க் கோட்டை ரெண்டையும் மதியத்துக்கு முன்னாடி முடிச்சாகணும். நடை சாத்தியிருக்கிற நேரத்துக்கு மேல்பாடி. சாயங்காலம் திருவல்லம்.

என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் எகிப்து பார்த்தவங்க. லக்சரில் இதே மாதிரி தனி கார், தனி கைடு, ஒரே நாளில் ஹட்ஷெப்சுட் கோயிலும் கர்னாக்கும் பார்த்துட்டு வந்திருப்பாங்க. கார்ல ஏறினதும் கேட்கிற கேள்வி, "இது எத்தனை வருஷப் பழசு?" அவங்க பார்த்தது மூவாயிரத்து ஐந்நூறு வருஷம். நம்மகிட்ட இந்த ரூட்ல இருக்கிறது அதிகபட்சம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு. வயசுல போட்டி போட்டா நாம தோத்துடுவோம். அதனால நான் வயசு பேசுறதில்லை. கல் என்ன சொல்லுதுன்னு பேசுவேன்.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். மதில் அழகுக்குப் பேர்போன கோயில். உள்ளே தெற்குப் பிராகாரத்தில் ஒரு நேரம் காட்டும் கல் இருக்கு. அரைவட்டம், அதில் கோடுகள். மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வெச்சா, நிழல் விழுற கோடு மணி. ஒரு முறை இதைப் பார்த்த ஒருத்தர் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். 2013ல் எகிப்தின் அரசர் சமவெளியில், கல்லறை வெட்டின தொழிலாளிகளின் குடிசைகள் இருந்த இடத்தில் கிடைச்ச சூரியக் கடிகாரம். அதுவும் அரைவட்டம்தான், நடுவில் குச்சிக்கு ஓட்டை, சுற்றிக் கோடுகள். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் சொல்லமாட்டேன். நிழலை அளக்கணும்னா யாருக்கும் தோணுற வடிவம் அது. ஆனா அங்கே அது கிடைச்சது வேலைக்காரன் குடிசைப் பக்கம் என்கிறது மட்டும் எனக்கு மனசுல நின்னுபோச்சு.

இதே கோயில் கல்வெட்டு ஒண்ணு, 1425-26. விஜயநகரத்து தேவராயர் காலம். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர் எல்லாரும் சேர்ந்து எழுதிக்கிட்ட ஒப்பந்தம். கல்யாணத்தைக் கன்னியாதானமாத்தான் செய்யணும், பொன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, மீறினா ராஜ தண்டனை, சாதியிலிருந்து விலக்கு. பையர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஷரத்து, அபராதம், கையெழுத்து எல்லாம் இருக்கு பாருங்க! அப்போ பெண்ணுக்காகப் பையன் வீட்டார் கொடுத்த பொன்னைத் தடுத்தாங்க. இப்போ பொன் எந்தத் திசையில் போகுதுன்னு நான் விளக்க வேண்டியிருக்கும்.

அங்கிருந்து வேலூர்க் கோட்டை. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை நான் விளக்கவே மாட்டேன், யாளித் தூண்கள் முன்னாடி அரை மணி நேரம் விட்டுடுவேன். நான் விளக்குறது காலியா இருந்த காலத்தை. பல தலைமுறைகளாக இங்கே பூஜை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் தளவாடம் அடுக்கி வெச்சிருந்தாங்க. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16ல்தான் திரும்ப உள்ளே வந்தது. எகிப்தில் ஃபிலே தீவுக் கோயிலை ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மூடினார், மூடினது மூடினதுதான். இங்கே சாத்தின கதவு திறந்துச்சு. அதைப் பார்த்த ஆட்கள் இன்னைக்கும் வேலூர் டீக்கடையில் உட்கார்ந்திருக்காங்க.

கோட்டையில் சொல்லாம விட முடியாதது 1806 ஜூலை 10. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தாங்க, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாதுன்னும் உத்தரவு. அதிகாலையில் கிளர்ச்சி வெடிச்சது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்னைக்கே அடக்கிடுச்சு. தோல் வாங்க வந்தவங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னா ஒரு நிமிஷம் பேச்சே வராது. ஒரு துண்டுத் தோலுக்கா? அந்தத் தோலுக்கு மட்டும் இல்லை, திப்பு சுல்தான் குடும்பமும் அப்போ இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தது. ஆனாலும், தோல் இந்த நாட்டில் வெறும் சரக்கு கிடையாதுன்னு அவங்களுக்குப் புரியும்.

இனி நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்றேன்.

நம்ம ஊரில் பல கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவங்களுக்கு அனுமதி இல்லைன்னு பலகை இருக்கும். வர்றவங்க கொடிமரத்தோட நின்னுடுவாங்க, நான் மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டுட்டு வருவேன். ஒரு அம்மா, இத்தாலியிலிருந்து வந்தவங்க, நான் திரும்பி வந்ததும் கேட்டாங்க: "நீங்க எப்பவுமே உள்ளே போக முடிஞ்சதா?"

நான் கைடு ஆகிறதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் டேனரியில் இருந்தவன். எங்க அப்பா டேனரி. எங்க தாத்தா, ஆவாரம் பட்டையில் தோல் பதப்படுத்தின காலத்து ஆள், சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செஞ்சவர். மதராஸ் மாகாணத்தில் எல்லாக் கோயிலும் எல்லா இந்துவுக்கும் திறக்கணும்னு சட்டம் வந்தது 1947ல். தாத்தாவுக்கு அப்போ இருபது வயசு. எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒண்ணு, பேர் வேண்டாம், சட்டம் வந்த பிறகும் அவர் கோபுரத்துக்கு வெளியே நின்னுதான் கும்பிடுவார். "உள்ள போலாமே"ன்னு கேட்டா, "கை நாறுது"ம்பார். வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆன பிறகும் அதையேதான் சொன்னார். உள்ளே அடிக்கிற மேளத்துக்குத் தோல் எங்கேருந்து வந்ததுன்னு அவருக்குத் தெரியாதா என்ன?

இதை அந்த அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு அவங்க கர்னாக் பத்திச் சொன்னாங்க. அங்கேயும் சாதாரண ஜனங்க கருவறைப் பக்கம் போக முடியாதாம், பூசாரிகளும் அரசனும்தான். அதனால கோயிலின் பின்பக்கம், கிழக்கே, "வேண்டுதலைக் கேட்கும் அமுன்" என்று தனியா ஒரு இடம். ஊர் ஜனங்க அங்கே வந்து முறையிடுவாங்களாம். அப்புறம் இன்னொண்ணு காட்டினாங்க: ரெக்மிரே என்கிற மந்திரியின் கல்லறைச் சுவர் ஓவியம். ஒருத்தன் தோலைச் சாடியில் ஊறவைக்கிறான், ஒருத்தன் கட்டை மேல் போட்டு இழுக்கிறான், ஒருத்தன் செருப்பு தைக்கிறான். மூவாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தின படம். இழுக்கிறவன் நிற்கிற விதத்தைப் பார்த்ததும் எனக்கு ஷாப்பு ஞாபகம் வந்துடுச்சு. முதுகு அப்படித்தான் வளையும்.

அன்னைக்கு மேல்பாடி போனப்போ என் பேச்சு மாறிப்போச்சு. பொன்னை ஆற்றங்கரையில் சின்னக் கோயில். ராஜராஜ சோழன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை. ஆற்றூரில் இறந்த தேவர் என்று கல்வெட்டே அவரைச் சொல்லுது. செத்த அரசனுக்குக் கோயில் என்றால் எகிப்து பார்த்தவங்களுக்கு உடனே புரிஞ்சிடும். அதுவரைக்கும் நான் அங்கே நிறுத்திக்குவேன். இப்போ கூட ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். இதே ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு கல்லில் இருக்கு. வரி இல்லாத நிலம் எது எதுன்னு பட்டியல் வரும்: ஊர் நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி என் மாதிரி ஆள் எங்கே இருந்தான்னு கேட்டா, அந்தப் பட்டியலில் இருந்தான். எகிப்துக்காரன் படமா வரைஞ்சான், நம்மவங்க நில அளவா எழுதினாங்க. தாத்தா ராஜாவா இருந்தா பள்ளிப்படை கிடைக்கும்.

இதைச் சொன்னா டிப்ஸ் குறையும்னு ஒரு சக கைடு சொன்னார். உண்மைதான், சில பேருக்கு முகம் சுருங்கும், அழகான கோயில் பார்க்க வந்த இடத்தில் இது எதுக்குன்னு. நம்ம ஆட்களே சிலர், ஊர் மானத்தை வெளிநாட்டுக்காரன்கிட்ட வாங்குறியேன்னு திட்டியிருக்காங்க. நான் கோயிலை விட்டுக்கொடுக்கலை. எனக்கு விரிஞ்சிபுரமும் திருவல்லமும் உயிர். ஆனா ஆம்பூரிலிருந்து கிளம்பி, ஆம்பூர் ஷூவைக் கழற்றிப் போட்டுட்டு உள்ளே போகிற ஒரு டூரில் இதைச் சொல்லாம இருந்தா, நான் கைடு இல்லை, டிரைவர்.

திருவல்லம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்க்கணும். வில்வநாதேஸ்வரர். சம்பந்தர் பாடின தலம். அங்கே நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். கஞ்சன் என்கிற அசுரன் வர்றானான்னு காவல் காக்குதுன்னு தலபுராணம். அந்த அம்மா நந்தி எதிரில், அது பார்க்கிற பக்கமா, படியில் உட்கார்ந்துட்டாங்க. தீபாராதனை மணி அடிச்சப்போ நான் உள்ளே போகலை, பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்தும் நல்லாத்தான் கேட்டது.

நீங்களா போறதா இருந்தா: ஆம்பூரிலிருந்து ஆறரைக்குக் கிளம்புங்க, விரிஞ்சிபுரத்தில் வெயில் சாய்வா விழும்போதுதான் அந்த நேரம் காட்டும் கல்லைச் சரியாப் பார்க்கலாம். மேல்பாடிக்குத் தண்ணீர் எடுத்துட்டுப் போங்க, பக்கத்தில் கடை குறைவு. செருப்பை வண்டியிலேயே விட்டுடுங்க. மதியம் கல் கொதிக்கும், காலுறை போட்டுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அடுத்த எபிசோடில் வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள் பத்திப் பேசுறேன்.