தௌபாவும் விண்ணப்பப் படிவமும்



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பின் வாலிபர்களே!

கொட்டகலையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் ஒரு தந்தை என்னருகே வந்து அமர்ந்தார். "மௌலவி, மகன் முன்னர் கஞ்சா பாவித்தான். விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது வெளிநாட்டில் பாதுகாப்பு உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்கிறான். பாவித்ததுண்டா என்று படிவத்தில் கேட்கிறார்கள். இல்லையென எழுதலாமா?" என்றார்.

நமது பொலிஸ் தடையகற்றல் சான்றிதழ் பதிவேட்டைப் பார்த்து வழங்கப்படுவது. வழக்கில் அகப்படாதவன் அதில் தப்பிவிடலாம். பாதுகாப்புப் பதவிகளுக்கான விசாரணை அவ்வாறன்று. அது மனிதனையே பார்க்கிறது. அமெரிக்காவில் அதற்கெனவுள்ள எஸ்.எப். 86 படிவம், கடந்த ஏழு வருடங்களில் போதைப்பொருள் பாவித்ததுண்டா என நேரடியாகவே வினவுகிறது. பாவித்தேன் என எழுதியவர் அந்த ஒரு காரணத்திற்காகவே தள்ளப்படுவதில்லை. விட்டு எவ்வளவு காலம், பழைய கூட்டாளிகளை விட்டும் நீங்கினாரா என்பனவும் பார்க்கப்படும். கடந்தகாலக் கஞ்சாப் பாவனை மாத்திரம் தீர்ப்பாகிவிடக் கூடாதென 2021 டிசம்பரில் அந்நாட்டு உளவுத்துறைத் தலைமை அறிவுறுத்தியது. ஆனால் அறிந்துகொண்டே பொய் எழுதினால் ஐந்து வருடம் வரை சிறை.

இது நமக்குப் புதிதா? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் ஷாபிஈ சட்டநூலைப் பாருங்கள். பாவி தௌபாச் செய்தால் அவனது சாட்சியம் ஏற்கப்படும். எனினும் அத்தௌபா உண்மையென நம்பத்தக்க ஒரு காலம் கழிய வேண்டும். அறிஞர்களிற் பெரும்பாலானோர் அதனை ஒரு வருடம் என்றனர். ஏன் ஒரு வருடம்? நான்கு பருவங்களும் மாறிவர, மனித உள்ளத்தில் அவற்றிற்குத் தாக்கமுண்டு என்றார்கள் விளக்கவுரையாளர்கள். மழையும் பனியும் மாறிமாறி வரும் இம்மலைநாட்டில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அல்லாஹ் மறைத்த பாவத்தைக் கேட்போர் எவருமின்றி நாமே பறைசாற்றுவது கூடாது. ஆனால் பிறரின் உயிரும் உடைமையும் அமானிதமாக ஒப்படைக்கப்படும் பதவிக்கு, கையொப்பமிட்டுப் பொய் கூறி நுழைவது வேறு. அது மோசடி. எழுத மனமில்லையெனில் வேறு தொழில் தேடட்டும்.

மஹல்லாவாசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவ்வாலிபனைப் பற்றி விசாரிக்க வருவோர் உங்கள் கதவையும் தட்டக்கூடும். மூன்று வருடத்திற்கு முந்திய கதையை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இன்று அவன் நிற்கும் ஸப்பையும் சொல்லுங்கள்.

அத்தந்தையிடம், மகனோடு அமர்ந்து பாவித்த வருடத்தையும் விட்ட மாதத்தையும் உள்ளபடியே எழுதுமாறு கூறினேன். சற்று மௌனமாயிருந்துவிட்டு, "விட்ட மாதம் அவனுக்குத்தான் தெரியும், நான் கேட்டதேயில்லை" என்றார்.