பெயர் சொல்லி அழைப்பவர்



நம் கம்பத்திலிருந்து குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கோட்டயம். செம்பாறையைத் தோண்டிய கிணறுகள் அங்கே ஏராளம். அந்த ஊற்றுகளுக்குள், வெயில் எட்டாத இருளில், ஒரு சின்னஞ்சிறு கெளுத்தி மீன் வாழ்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதற்குக் கண்களே கிடையாது. தோலில் நிறமில்லாததால் உள்ளே ஓடும் இரத்தம் சிவப்பாய் வெளியே தெரியும். மீசையால் தடவித் தடவித்தான் இரை தேடும்.

1950ஆம் ஆண்டு, கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த ஒரு மீனுக்கு அறிவியலார் முதன்முதலில் பெயர் வைத்தார்கள். 2012இல் அதே குடும்பத்தின் இன்னொரு மீனுக்கு நம் அப்துல் கலாம் ஐயாவின் பெயரைச் சூட்டினார்கள். 2023இல் மற்றொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு 'ஹோராகிளானிஸ் பொப்புலி' என்று பெயர். 'பொப்புலி' என்றால் இலத்தீனில் 'மக்களுடைய' என்று பொருள். ஏன் அப்படி? பாறை இடுக்குக்குள் ஆய்வாளர் இறங்க முடியாது. கிணறு தூர் வாரியவர்களும், வாளியிலும் தொட்டியிலும் அந்த மீனைக் கண்ட வீட்டாரும்தான் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சாதாரண மக்களுக்கு நன்றியாக அந்தப் பெயர்.

தொடக்க நூல் இரண்டாம் அதிகாரத்தில், ஆண்டவர் உயிரினங்களை மனிதனிடம் கொண்டுவந்து, என்ன பெயரிடுவான் என்று பார்க்கிறார். விலங்குகளும் பறவைகளும் அங்கே வருகின்றன. மீன்களைப் பற்றிப் பேச்சில்லை. பெயரிடும் வேலை இன்னும் முடியவில்லை போலும்!

மீன் இருக்கட்டும், நம் மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் நம் சகோதரிகளை 'இன்றைக்குப் பத்து ஆள்' என்று எண்ணுகிறோமே தவிர, பெயர் கேட்கிறோமா?

நம் கோயிலில் கடைசி பெஞ்சில் ஒரு பாட்டி உட்காருவார். பல ஆண்டுகளாக 'கடைசி பெஞ்சு பாட்டி' என்றே சொல்லி வந்தோம். அவர் இறந்த அன்று அடக்கப் பதிவேட்டில் எழுதப் பெயர் வேண்டியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேத்தி சொல்லித்தான் எழுதினோம். திருப்பலியில் அந்தப் பெயரை முதன்முறையாகச் சொன்னோம். கேட்பதற்கு அவர் இல்லை.

இறைவனுக்கு அந்தக் கிணற்று மீன் புதிதல்ல. அந்தப் பாட்டியும் புதியவர் அல்ல. இருள் அவர் கண்ணை மறைப்பதில்லை. இலைகளுக்குள் ஒளிந்திருந்த சக்கேயுவை இயேசு பெயர் சொல்லித்தான் இறங்கி வரச் சொன்னார். அன்றைக்கு ஒரு வீடே மீட்படைந்தது.

வருகிற ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும்போது கைகூப்புவதோடு நின்றுவிட வேண்டாம். முடிந்து வெளியே வந்ததும், அருகில் நின்றவரிடம், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்போம். கேட்ட பெயரைச் சொல்லி அன்றிரவு செபிப்போம்.

எம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனே, மறைந்திருப்போரைக் காணும் கண்களை எமக்குத் தாரும். ஆமென்.