அரிப்புக்குக் காரணம் முதுகில் தெரியும்

மார்சிலிங் வட்டாரத்தில் ஒரு வீவக வீடு. அங்கு வசிக்கும் நாற்பது வயது குடும்ப மாது ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். பொட்டு வைக்கும் இடத்தில் முதலில் லேசான அரிப்பு. பிறகு அந்த இடம் கறுத்து, வட்டமாகப் படர்கிறது. கறையை மறைக்க இன்னும் கொஞ்சம் பெரிய பொட்டாக வைக்கிறார். கறையும் பெரிதாகிறது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். “கத்தரிக்காயும் கருவாடும் வேண்டாம்மா, உடம்பு சூடு” என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா தம்முடைய களிம்பைக் கொடுக்கிறார். “பொட்டை நிறுத்திப் பார்க்கட்டுமா அத்தை?” என்று கேட்டால், “சுமங்கலிப் பெண் வெறும் நெற்றியோடு இருப்பதா?” என்று பதில் வருகிறது. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிடும்.

இந்த மாது கற்பனைதான். ஆனால் இந்தக் கறை கற்பனை இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த தோல் மருத்துவர் கோ சீ லியோக், ஜப்பானிய மருத்துவர் கொசுக்காவுடன் சேர்ந்து, குங்குமத்தால் நெற்றி கறுத்துப்போவது பற்றி 1986ஆம் ஆண்டிலேயே ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் வேறு. கடைகளில் வரும் பலவற்றில் செயற்கைச் சிவப்புச் சாயங்களும் வாசனைப் பொருள்களும் கலந்திருக்கும். உடலுக்குப் பிடிக்காமல் போவது பெரும்பாலும் அவைதான். (மஞ்சளே ஒத்துக்கொள்ளாதவர்களும் அபூர்வமாக உண்டு.) ஒட்டுப்பொட்டுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதன் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பையே உண்டாக்கிவிடும்.

சரி, குங்குமமா, பசையா, தலைக்குப் போடும் சாயமா, முகத்தில் தடவும் களிம்பா? எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குத்தான் ‘பேட்ச் டெஸ்ட்’ என்னும் ஒட்டுச் சோதனை இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. பாதரசக் களிம்பு பூசியதால் தோல் வெடித்த நோயாளிகளைப் பார்த்த ஜெர்மன் மருத்துவர் யோசஃப் யாதசோன், அதே பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டி வைத்து, அந்த இடத்தில் மட்டும் தடிப்பு வருவதை 1895ல் எடுத்துக்காட்டினார். இன்றுவரை அடிப்படை அதுவேதான்.

சோதனை நடக்கும் விதம் எளிது. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதும் இல்லை. நிக்கல், குரோமியம், வாசனைப் பொருள்கள், ரப்பர் ரசாயனங்கள், முடிச்சாயத்தில் உள்ள பிபிடி எனப் பல பொருள்களைப் பெரும்பாலும் வாசலினில் அளவாகக் கலந்து வைத்திருப்பார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தட்டுகளில் அவற்றை இட்டு, வரிசையாக முதுகில் ஒட்டி, மையால் அடையாளம் போடுவார்கள். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை பிரித்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். சில பொருள்களுக்கு ஒரு வாரம் கழித்தும் பார்ப்பதுண்டு.

ஏன் இத்தனை நாள்? இறால் சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்குகிறதே, அது ஒரு வகை ஒவ்வாமை. அதற்குத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். தொட்டதால் வரும் தடிப்பு அப்படிப்பட்டதன்று. உடலின் காவல் அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு, படை திரட்டி வர இரண்டு மூன்று நாளாகும். குங்குமத்தின் மீது யாருக்கும் சந்தேகம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று வைத்ததற்கு நாளை மறுநாள் அரித்தால், பழி கத்தரிக்காய் மேல்தானே விழும்? பல வருடம் ஒத்துக்கொண்ட பொருளே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நம் ஊரில் இதில் சிரமமான பகுதி வெயில்தான். அந்த ஐந்து நாளும் முதுகு நனையக்கூடாது. வியர்த்தால் ஒட்டு கழன்றுவிடும். குளியல், விளையாட்டு, பெரிய சமையல் எல்லாவற்றையும் ஒத்திவைக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது முடிவை மறைத்துவிடும். வீட்டில் உபயோகிக்கும் குங்குமம், களிம்பு, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது மிக நல்லது. சில சமயம் அரிப்புக்குப் போட்ட மருந்தே அரிப்புக்குக் காரணமாக இருக்கும். புண்ணுக்குப் பூசும் சில களிம்புகளில் உள்ள நியோமைசின் அப்படிப்பட்ட ஒன்று.

எங்கே செய்கிறார்கள்? மண்டலே ரோட்டில் உள்ள தேசிய சரும நிலையத்தில் செய்கிறார்கள். லிட்டில் இந்தியாவுக்கு அருகில் இருந்த மிடில் ரோடு மருத்துவமனையின் பணியை 1988 நவம்பரில் ஏற்றுக்கொண்ட நிலையம் அது. அந்தப் பழைய மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கும் சிகிச்சை தந்ததால், சாதாரணச் சொறிக்குப் போனவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போன காலம் ஒன்று இருந்திருக்கும். இன்று அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டால் கட்டணச் சலுகையும் கிடைக்கும். மார்சிலிங் நிலையத்தில் எம்ஆர்டி ஏறினால் மாறாமல் நொவீனாவில் இறங்கலாம்.

நெற்றிக் கறை மனத்தைத்தான் வருத்தும். கையில் வரும் தடிப்பு பிழைப்பையே கெடுத்துவிடும். கட்டுமானத் தளத்தில் சிமெண்ட் கலக்கும் நம் ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பும் நீரும். மேலாளரிடம் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்பவர்கள் உண்டு. ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறதே!

சிமெண்டில் உள்ள குரோமியமே பலருக்கு இதைக் கொண்டுவருகிறது. 1980களிலேயே இங்குள்ள கட்டுமானத் தொழிற்கூட ஊழியர்களிடம் மருத்துவர் கோவும் சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தார்கள். குரோமியம் ஒவ்வாமை பிறகு குறைந்ததற்குச் சிமெண்ட் தயாரிக்கும் முறை மாறியது காரணமாக இருக்கலாமா என்று 1996ல் எழுதவும் செய்தார்கள். ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் கட்டுப்படுத்தின.

இங்கேதான் ஒட்டுச் சோதனையின் உண்மையான பயன் தெரிகிறது. குரோமியம் என்று உறுதியானால், சிமெண்டை விட்டு வேறு வேலைக்குப் போனால் மட்டும் போதாது. தோலைப் பதப்படுத்தவும் குரோமியம் பயன்படுகிறது. ஆகவே காலணியும் தோல் கையுறையும்கூட மாற வேண்டியிருக்கும். மாறாக, சோதனையில் ஒன்றும் தெரியாமல் போனால், சிமெண்டின் காரத்தன்மை தோலை அரித்திருக்கலாம். அப்போது தகுந்த கையுறையே பெரும்பகுதி குறையைத் தீர்த்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேலையால் வரும் தோல் நோய், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த ஊழியர் கையில் மருத்துவர் எழுதிய முடிவு இருந்தால், இழப்பீடு கேட்கவும் அவருக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிமெண்டையோ சோப்புத் தூளையோ வீட்டிலேயே தோலில் ஒட்டிச் சோதிக்க வேண்டாம். புண்ணாகிவிடும். தோலிலேயே இருக்கும்படி பூசும் புதிய களிம்பு என்றால், முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு முறை ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம்.

மார்சிலிங் மாதுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மருத்துவர் முதுகைப் பார்க்கிறார். அவர் கொண்டுபோன குங்குமம் ஒட்டிய இடம் சிவந்து தடித்திருக்கிறது. மஞ்சள் ஒட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கறை மங்கப் பல மாதங்கள் ஆகும் என்றும், அதுவரை நெற்றியில் வெயில் அதிகம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, “அப்போ கத்தரிக்காய் சமைக்கலாமா?”

தாராளமாகச் சமைக்கலாம்.