பிரேக் ஆயிலில் சேரும் ஈரம்

பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் என்றாலும், பெரும்பாலான கார்களின் பிரேக்கில் ஓடுவது எண்ணெய் அல்ல, கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைச்சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வரும். திரவம் ஆவியாகும்; ஆவி அமுங்கும்; மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

மாற்றும்போது முதலில் பிரேக் திரவ டப்பாவிலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்ற வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளை ஸ்பேனரால் சற்றே திறப்பார். நிப்பிளில் மாட்டிய கண்ணாடி போன்ற டியூபில் கடுங்காப்பி நிறத்தில் பழைய திரவம் வரும், நடுநடுவே குமிழிகளும் வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்பப் புகும். நிறம் தெளியும்வரை இதுவே வேலை. எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்வதே சரி.

ஏபிஎஸ் உள்ள காரில் ஒரு கவனம் கூடுதலாக வேண்டும். டப்பா ஒருபோதும் வற்றக் கூடாது. வற்றினால் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய், சாதாரணமாக மூடியிருக்கும் வால்வுகளுக்கு அப்பால் தங்கிவிடும். எத்தனை முறை மிதித்தாலும் அது வெளியேறாது. ஸ்கேனரை இணைத்து வால்வுகளையும் பம்பையும் இயக்கினால்தான் பல கார்களில் அது வெளிவரும்.

வேலையின்போது திரவம் காரின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.